வீ. தி. சம்பந்தன்

துன் வீ. தி. சம்பந்தன் (16 ஜூன் 1919 – 18 மே 1979): மலேசிய அரசியல் தலைவர், அமைச்சர். ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட்டில் பிறந்தார். கூலித் தொழிலாளியாக மலாயா வந்து ரப்பர் தோட்ட உரிமையாளராக உயர்ந்த வீராசாமியின் மகன். கோலகங்சார் கிளிபர்ட் பள்ளியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பயின்றார்.

1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளி எழக் காரணமாக இருந்தார். 1955 முதல் 1973 வரை ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தேசியத் தலைவர். தொழிலாளர், சுகாதாரம், பொதுப்பணி – அஞ்சல் – தொலைத்தொடர்பு, தேசிய ஒற்றுமை ஆகிய அமைச்சுகளை வகித்தார். 1957 மலாயா சுதந்திர ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவர்.

ஆங்கிலேய முதலாளிகள் ரப்பர் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, பால்மரம் வெட்டிய (ரப்பர் பால் எடுத்த) தொழிலாளர்கள் வேலையோடு குடியிருந்த லயத்து வீட்டையும் இழந்தனர். இதற்கு மாற்றாக 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தோட்டம் தோட்டமாகச் சென்று ஆதரவு திரட்டினார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம் என்ற ஏற்பாட்டால் எளிய தொழிலாளரும் உறுப்பினராயினர். கெடாவின் புக்கிட் சீடிம் சங்கம் வாங்கிய முதல் தோட்டம்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலை இவர் பெயரைத் தாங்குகிறது. எனினும், பால்மரம் வெட்டிய கைகளைத் தோட்டத்தின் பங்குதாரர்களாக்கிய அந்தச் சங்கமே இவருடைய நிலையான நினைவுச்சின்னம்.