பெயர் என்ற கட்டத்துக்குள் எந்த மொழி?

திருகோணமலைத் துறைமுகத்துக்கு முதல்தடவை வாற கப்பலின் கப்டனுக்கு இந்த ஊரில ஒருத்தரையும் தெரியாது. ஆனால் கையில் கடல் வரைபடம் இருக்கும். எங்கே ஆழம், எங்கே பாறை, எந்தப் பக்கத்தால் உள்ளே வரலாம் என்று அது சொல்லும்.

முன்பின் தெரியாத இரண்டு கணினிகள் கதைக்கவும் அப்படி ஒரு வரைபடம் உண்டு. பெயர் டபிள்யூ.எஸ்.டி.எல். ஒரு இணையச்சேவையிடம் என்ன கேட்கலாம், என்ன வடிவத்தில் கேட்கவேணும், என்ன பதில் வரும், எந்த முகவரிக்கு அனுப்பவேணும், எல்லாம் ஒரே எக்ஸ்.எம்.எல். கோப்பில் இருக்கும். 2001 மார்ச்சில் இதன் 1.1 பதிப்பு வெளிவந்தபோது அதை எழுதிய நான்கு பேரில் ஒருவர் இலங்கையர்: அப்போது ஐ.பி.எம்.மில் இருந்த சஞ்சீவ வீரவரண.

2004 ஓகஸ்டில் கொழும்பில் நடந்த கூட்டத்தில்தான் அப்பாச்சி ஆக்சிஸ்2 சட்டகத்துக்கு அத்திவாரம் போடப்பட்டது. அதிலுள்ள கருவியிடம் அந்தக் கோப்பைக் குடுத்தால், சேவையை அழைக்கும் ஜாவா நிரலை அதுவே எழுதித்தரும். நாங்கள் சொந்த நிரலின் ஒரு செயற்கூறைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டால் போதும்.

அதே ஆண்டு டிசம்பர் 26, சுனாமி. கிண்ணியா ஆஸ்பத்திரியே அழிந்துபோனது. முகாமில் ஒரு பட்டியல், உதவி நிறுவனத்திடம் இன்னொரு பட்டியல். இவற்றை ஒன்றுசேர்க்க லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேசனைச் சுற்றியிருந்த தன்னார்வலர்கள் ‘சஹானா’வை உருவாக்கினார்கள்.

இங்கதான் சிக்கல். விவரக் கோப்பு ‘பெயர்: எழுத்துச்சரம்’ என்று சொல்லும். எந்த மொழியில், எந்த எழுத்துக்கூட்டலில் என்று தானாகச் சொல்லாது. எங்கட ஊரில் ஒரே ஆளின் பெயர் தமிழில் ஒரு மாதிரி, சிங்களத்தில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் இரண்டு மூன்று மாதிரி. கணினி எந்தப் பிழையும் காட்டாமல் எல்லாத்தையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் தேடுகிற தாய்க்கு மகன் கிடைக்கமாட்டான்.

இப்போது புதிய சேவைகளுக்குக் கனபேர் ஓப்பன்-ஏ.பி.ஐ. கோப்புத்தான் எழுதுகிறார்கள். அதிலும் இதே இடைவெளி இருக்கு. இரண்டிலும் விளக்கக் குறிப்பு எழுத இடமும் இருக்கு. நீங்கள் எழுதும்போது பெயர்க் கட்டத்துக்குப் பக்கத்தில் எந்த மொழி, எந்த எழுத்துக்கூட்டல் என்று ஒரு வரி எழுதிவிடுங்கோ.