பிளெவ்னா களத்தில் இரு துப்பாக்கிகள்

துப்பாக்கிகளுள் சிறந்தது எது என்னும் வினா, அக்கலை பயின்றோரிடையே இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஒவ்வொரு வேட்டுக்கும் தோட்டாவைக் கையால் இடுவது நன்றா? விசைக்கருகிலுள்ள நெம்புகோலை அசைப்பது நன்றா? குழலின் கீழுள்ள கைப்பிடியை முன்னும் பின்னும் இழுக்கும் 'பம்ப்' முறை மேலா? தாழ்ப்பாள் போல் திருகி இழுக்கும் முறை மேலா? இவ்வினாவுக்கு உதுமானிய வரலாற்றின் ஓர் ஏட்டிலேயே விடை கிடைக்கக் காண்கிறோம்.

1877 ஜூன் இறுதியில் ரஷ்யப் படை டான்யூப் ஆற்றைக் கடந்தது. விதீன் நகரிலிருந்து விரைந்து வந்த உஸ்மான் பாஷா, ஜூலை 19ஆம் நாள் பல்கேரிய மண்ணிலுள்ள பிளெவ்னாவை அடைந்தார். அது மதிலற்ற ஊர். சூழ்ந்திருந்த குன்றுகளில் அவர் படையினர் குழி தோண்டி, மண் அரண் எழுப்பினர்.

அவர்களிடம் இருவகைத் துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று பீபாடி-மார்ட்டினி. நெம்புகோலை இறக்கினால் அறை திறக்கும். ஒரே தோட்டாவை இட்டு, மூடிச் சுட வேண்டும். ஆயினும் அதன் குண்டு ஆயிரம் கஜத்துக்கு அப்பாலும் பாயும். மற்றொன்று வின்செஸ்டர். குழலின் கீழுள்ள குழாயில் 17 தோட்டாக்கள் வரை அடங்கும். நெம்புகோலை அசைக்க அசைக்க வேட்டு தொடரும். எனினும் அதன் தோட்டா வலுக் குறைந்தது. இருநூறு கஜத்துக்கு மேல் அதை நம்புவதற்கில்லை. எதிரே வந்த ரஷ்யக் காலாட்களில் பெரும்பாலோர் ஏந்திய கிர்ன்கா துப்பாக்கிக்கோ குறிபார்க்கும் அளவே 600 அடிவைப்புகள்தாம்.

ஜூலை 30இல் நடந்த இரண்டாம் தாக்குதலில் ரஷ்யர் ஏறத்தாழ 7,000 பேரை இழந்தனர். செப்டம்பரில் நடந்த மூன்றாம் தாக்குதலில் ரஷ்யரும் ருமேனியரும் இழந்தோர் 15,000க்கும் மேல். இவ்வெற்றி முழுவதையும் வின்செஸ்டருக்கே உரியதாக்குவோர் உளர். அது முறையன்று. தொலைவிலேயே எதிரியின் அணியைக் குலைத்தது மார்ட்டினி. அரணை நெருங்கியோரைத் தடுத்தது வின்செஸ்டர். இரண்டையும் பயன்பெறச் செய்தது மண்வெட்டி. அவ்வாண்டு ஆகஸ்டில் ஷிப்கா கணவாயில் மேட்டை நோக்கி ஏறித் தாக்கிய துருக்கிப் படையும் மார்ட்டினியையே ஏந்தியிருந்தது. அங்கே அடைந்தது தோல்வியே.

பின்னர் உலகப் படைகள், பல தோட்டாக்களை அடக்கும் துப்பாக்கியை நாடின. 1884இல் அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் 'லைட்னிங்' என்னும் பம்ப் துப்பாக்கியை வெளியிட்டது. வலக்கை விசையை விட்டு அகலாமல் இடக்கையே தோட்டாவை ஏற்றுவதால், வேகத்தில் அது சிறந்தது. ஆனால் மண்ணில் படுத்துக் கிடப்பவனுக்கு, முழங்கையை ஊன்றிய கையாலேயே இழுத்துத் தள்ளுவது இடர். நெம்புகோலுக்கோ கீழே இடம் வேண்டும். தாழ்ப்பாள் முறைக்கு இவ்விரு குறைகளும் இல்லை. வலிமை மிக்க தோட்டாவையும் அது தாங்கும். எனவே படைகள் அதையே தேர்ந்தன. உதுமானிய அரசும் 1887இல் மவுசர் துப்பாக்கிக்கு ஒப்பந்தம் செய்தது. பம்ப் முறை பெரும்பாலும் வேட்டையாடுவோரிடமும் காவலரிடமும் தங்கியது.

பிளெவ்னாவின் முடிவை எந்தத் துப்பாக்கியும் தீர்மானிக்கவில்லை என்பதே நாம் மறக்கலாகாத பாடம். மும்முறை தோற்ற ரஷ்யர், முதிய பொறியியல் தளபதி டாட்லபெனை அழைத்தனர். அவர் தாக்கவில்லை, வழிகளை அடைத்தார். ரொட்டியும் மருந்தும் வருவது நின்றது. டிசம்பர் 10ஆம் நாள் முற்றுகையைப் பிளந்து வெளியேற முயன்ற உஸ்மான் பாஷா காலில் குண்டடிபட்டார். 40,000க்கும் மேற்பட்ட வீரர்களுடன் அவர் சரணடைய நேர்ந்தது. பகைவரும் அவர் வீரத்தைப் போற்றினர். அவருடைய வீரர்களிற் பலரோ, சிறைப்பட்டு நடந்த பாதையில் பனியிலும் பசியிலும் மாண்டனர்.

ஆயத்தம் என்பது படைக்கலம் வாங்குவது மட்டுமன்று. அதை ஏந்தும் மனிதனின் வயிற்றையும், அவனிடம் செல்லும் வழியையும் காப்பதும் ஆயத்தமே. சிறந்த துப்பாக்கிகளை வாங்கிய பேரரசு, அவற்றை ஏந்தியோருக்கு ரொட்டி அனுப்ப இயலாது நின்றது. பிளெவ்னா வீழ்ந்தது அதனாலேயே.