அபத்த நாடகம் காட்டும் மனித இருப்பு

சாமுவேல் பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ 1953 ஜனவரி 5 அன்று பாரிஸ் நகரின் பாபிலோன் அரங்கில், ரோஜே பிளேன் இயக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. நாட்டுப்புறச் சாலையோரத்து மரத்தடியில் விளாதிமிர், எஸ்ட்ராகன் என்ற இருவர், கோடோ என்பவர் வருவார் என்று காத்திருக்கிறார்கள். அவர் வரவில்லை, நாளை நிச்சயம் வருவார் என்று ஒரு சிறுவன் வந்து சேதி சொல்லிப் போகிறான். இரண்டாம் அங்கத்திலும் இதுவே நடக்கிறது. இந்நாடகத்தையும் இயனெஸ்கோ, அதாமோவ், ழெனே முதலியோரின் நாடகங்களையும் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்து, 1961இல் மார்ட்டின் எஸ்லின் எழுதிய நூல் ‘அபத்த நாடகம்’ என்ற பெயரை நிலைநாட்டியது. வாழ்க்கை வீண் என்று ஓதும் அவநம்பிக்கை நாடகங்களாகவே இவை இன்றும் பலருக்கு அறிமுகமாகின்றன. இந்த அறிமுகம் பாதி உண்மைதான். மனித வாழ்வுக்கு வெளியிலிருந்து வந்து சேரும் பொருள் எதுவும் இல்லை என்பதை இந்நாடகங்கள் தயவு தாட்சணியமின்றிக் காட்டுகின்றன. அதே வேளையில், அந்த வெறுமைக்கு நடுவே ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறான் என்ற கேள்வியை அவை கைவிடவே இல்லை. குறிப்பாகப் பெக்கெட்டிடம் இக்கேள்வியே நாடகத்தின் உயிர்நாடி என்பது என் கருத்து.

வாழ்வின் அபத்தத்தை முதலில் கண்டுசொன்னவர்கள் நாடகாசிரியர்கள் அல்லர். ஆல்பெர் காம்யு 1942இல் வெளியிட்ட ‘சிசிஃபஸின் புராணம்’ அதைத் தத்துவச் சிக்கலாக எடுத்துக்கொண்டு அலசியது. பொருளைத் தேடும் மனித மனத்துக்கும் பதில் தராத உலகுக்கும் இடையிலான முரணே அபத்தம் என்றார் அவர். ஆனால் அறிவு தோற்றுப்போகும் இடத்தைப் பற்றி அறிவின் ஒழுங்கோடு, தர்க்கம் பிசகாமல் அவர் எழுதினார். எஸ்லின் சுட்டிய முதன்மையான வேறுபாடு இதுதான்: அபத்த நாடகாசிரியர்கள் பொருளின்மையைப் பற்றி வாதிடுவதில்லை, நாடகத்தின் வடிவத்தையே அதற்குச் சாட்சியாக்குகிறார்கள். கதை நகர மறுக்கிறது, பேச்சு சேதி சொல்ல மறுக்கிறது, முடிவு தொடக்கத்துக்கே திரும்புகிறது. பாத்திரம் எவரும் எழுந்து நின்று வாழ்க்கை வெறுமையானது என்று பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. பார்வையாளர் இருக்கையில் அமர்ந்தபடியே அந்த வெறுமைக்குள் இருக்கிறார்.

மொழி எப்படிக் குலைகிறது என்பதற்கு 1950இல் அரங்கேறிய இயனெஸ்கோவின் ‘வழுக்கைத் தலைப் பாடகி’ நல்ல சான்று. ஆங்கிலம் கற்பிக்கும் பாடநூலின் வாக்கியங்களிலிருந்து பிறந்த நாடகம் அது. அதில் மார்ட்டின் தம்பதியர் முன்பின் அறியாதவர்களைப் போலப் பேசத் தொடங்குகிறார்கள். இருவரும் ஒரே ஊரிலிருந்து ஒரே ரயிலில் வந்தவர்கள், ஒரே தெருவில் ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள், ஒரே கட்டிலில் உறங்குபவர்கள் என்று ஒவ்வொன்றாகக் கண்டறிந்து, ஆகவே நாம் கணவன் மனைவிதான் என்ற முடிவுக்கு வருகிறார்கள். அடுத்த கணமே வேலைக்காரி வந்து, இவர் மகளுக்கும் அவர் மகளுக்கும் கண்ணின் நிறம் இடம்மாறியிருப்பதால் அந்த முடிவு செல்லாது என்று நம்மிடம் சொல்லிவிடுகிறாள். இலக்கணம் பிசகாத வாக்கியங்கள், படிப்படியான அனுமானம், எல்லாம் இருந்தும் ஒருவரை ஒருவர் அறிவது மட்டும் நிகழவில்லை. தேய்ந்த சொற்களால் வாழ்க்கையை ஓட்டும் சமூகத்தில் நெருக்கம்கூட வெறும் முகவரிப் பொருத்தமாகிவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பெக்கெட் காலத்தைக் குலைக்கிறார். இரண்டாம் அங்கத்தில் மொட்டை மரம் சில இலைகள் விட்டிருக்கிறது. முதல்நாள் அடிமையைக் கயிற்றில் கட்டி அதட்டி நடத்திய போட்ஸோ குருடனாகியிருக்கிறான். அடிமை லக்கி ஊமையாகியிருக்கிறான். இவ்வளவு மாறியும் காத்திருப்பு மாறவில்லை. கோடோ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையே அவ்விருவரையும் அந்த மரத்தடியில் கட்டிப்போடுகிறது. வெளியிலிருந்து வரும் பொருளுக்காக வாழ்வை ஒத்திவைப்பதன் அவலம் இது. இதே அங்கத்தில் நடக்கும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எஸ்ட்ராகன் உட்கார்ந்தபடியே உறங்கிப்போகிறான். விளாதிமிர் தன் மேலங்கியைக் கழற்றி அவன் தோளில் போர்த்துகிறான்; பிறகு குளிர் தாங்காமல் கைகளை வீசிக்கொண்டு அங்குமிங்கும் நடக்கிறான். கெட்ட கனவு கண்டு நண்பன் அலறி எழும்போது ஓடிப்போய் அணைத்துக்கொள்கிறான். கோடோ தரப்போகும் எந்தப் பரிசுக்கும் இந்தச் செயலுக்கும் தொடர்பில்லை. எதிரில் ஒருவன் குளிரில் உறங்குகிறான் என்பதே இதற்குப் போதுமான காரணம். பின்னர் கீழே விழுந்த போட்ஸோ உதவி கேட்டு அலறும்போது இவர்கள் பேசிப்பேசியே நேரத்தைக் கடத்துவதையும் பெக்கெட் மறைக்கவில்லை. மனிதர்களைப் புனிதர்களாக்காமலே அவர்களது கடமையை அவர் நினைவூட்டுகிறார்.

இந்நாடகங்களுக்கு வலுவான மறுப்பு மார்க்சியத் தரப்பிலிருந்து வந்தது. நவீனத்துவ எழுத்து மனிதனை வரலாற்றிலிருந்து பிரித்து, தனிமையை அவனது மாறாத இயல்பாகக் காட்டுகிறது என்று கியோர்க் லூகாச் குற்றம் சாட்டினார். பெக்கெட்டின் எழுத்தையும் அதற்கு எடுத்துக்காட்டாக்கினார். மாற்ற முடியாதது என்று சொல்லிவிட்டால் போராட்டத்துக்கு இடம் ஏது என்ற கவலை நியாயமானது. ஆனால் பெக்கெட் வரலாற்றுக்கு வெளியே நின்றவர் அல்லர். நாஜி ஆக்கிரமிப்பின்போது பிரெஞ்சு எதிர்ப்பியக்கக் குழுவொன்றில் பணியாற்றி, 1942இல் குழு காட்டிக்கொடுக்கப்பட்டதும் பாரிஸிலிருந்து தப்பி, ரூசியோன் என்ற சிற்றூரில் போர் முடியும் தறுவாய்வரை மறைந்து வாழ்ந்தவர் அவர். அவர் மேடையில் வைத்த காத்திருப்பு, ஒரு தலைமுறையே அனுபவித்த காத்திருப்பு. அந்நாடகம் சென்ற இடங்களும் இதற்குச் சாட்சி. 1957 நவம்பரில் கலிஃபோர்னியாவின் சான் குவெண்டின் சிறையில் ஏறத்தாழ 1400 கைதிகள் முன் அது நடிக்கப்பட்டது. நகரத்து ரசிகர்கள் பலர் புரியவில்லை என்று ஒதுக்கிய நாடகத்தைக் கைதிகள் கடைசிவரை ஆழ்ந்து கவனித்தார்கள். 1993இல் முற்றுகைக்குள்ளான சரயேவோவில் சூசன் சொன்டாக் அதன் முதல் அங்கத்தை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மேடையேற்றினார். செயலற்றுப் போகச் சொல்லும் நாடகமாக இருந்தால், குண்டுவீச்சுக்கு அஞ்சாமல் அதை நடிக்கவும் பார்க்கவும் மனிதர்கள் கூடியிருக்க மாட்டார்கள்.

எல்லா அபத்த நாடகங்களிலும் இத்தகைய தோழமை உண்டா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இயனெஸ்கோவின் ‘நாற்காலிகள்’ நாடகத்தில் முதிய தம்பதியர் கண்ணுக்குத் தெரியாத விருந்தினர்களுக்காக மேடை நிறைய நாற்காலிகளை அடுக்குகிறார்கள். தங்கள் வாழ்நாள் செய்தியைப் பேச்சாளர் ஒருவர் உலகுக்கு அறிவிப்பார் என்று நம்பி இருவரும் உயிரை விடுகிறார்கள். அந்தப் பேச்சாளரோ காதும் கேளாத, வாயும் பேசாத மனிதர். இங்கே ஆறுதல் எதுவுமில்லை. என்றாலும் இது என் வாதத்தை முறிக்கவில்லை. தன் வாழ்வுக்கான பொருளை இன்னொருவர் வாயிலிருந்து எதிர்பார்ப்பவர்களுக்கு நேரும் கதியே அங்கும் காட்டப்படுகிறது. வாழ்வுக்கு உத்தரவாதமான பொருள் உண்டு என்று பொய் சொல்லாமல், அது இல்லாத நிலையிலும் மனிதன் ஏமாறாமலும் ஈரம் வற்றாமலும் இருக்க முடியுமா என்று இந்நாடகங்கள் கேட்கின்றன. ஆகவே இவற்றை அவநம்பிக்கையின் இலக்கியம் என்று ஒதுக்குவது பிழை. இருபதாம் நூற்றாண்டு மேடை கண்ட நேர்மையான அறநாடகங்களின் வரிசையிலேயே இவற்றை வைக்க வேண்டும்.