வன்தட்டின் நலம் பேணல்

கணினியின் நினைவுக் களஞ்சியமாகிய வன்தட்டும் ஒருநாள் பழுதுறும். அந்நாளை முன்னறிய முயன்ற வரலாறு சுவையானது.

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவி, 50 தட்டுக்களில் 50 இலட்சம் எழுத்துக்களைத் தாங்கியது. இத்தகைய பெருங்கருவிகள் விலைமிக்கனவாயிருந்தன. 1988இல் பேர்க்கிளிப் பல்கலைக்கழகத்துப் பற்றர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் மலிவான சிறு தட்டுக்கள் பலவற்றை ஒன்றுசேர்க்கும் முறையை விளக்கினர். தட்டுக்கள் பெருகப் பழுதும் பெருகுமன்றோ? ஆதலின், ஒன்று கெடினும் அதன் தரவை ஏனையவற்றிலிருந்து மீட்குமாறு மிகைத்தகவலையும் உடன் பதித்தனர்.

1990களில், தட்டே தன் நிலையை அளந்தறிவிக்கும் 'ஸ்மார்ட்' முறை தோன்றியது. அதனை முற்றாக நம்பலாமா? கூகிள் ஆய்வாளர் இலட்சத்துக்கு மேற்பட்ட தட்டுக்களை ஆராய்ந்து 2007இல் விடை கூறினர். பரப்பினை வருடிப் பார்க்கையில் முதற்பிழை காட்டிய தட்டு, அறுபது நாளுள் பழுதுறும் வாய்ப்பு, பிழை காட்டாததைவிட 39 மடங்கு. ஆயினும், பழுதுற்றவற்றுள் 36 வீதத்துக்கு மேற்பட்டவை, வெப்பநிலை தவிர்ந்த வேறெக்குறியும் காட்டாமலே மடிந்தன.

தட்டு இயங்கிக்கொண்டிருக்கையிலேயே தரவு சிதைவதும் உண்டு. 2005இல் சன் நிறுவனம் வெளியிட்ட 'இசட்.எஃப்.எஸ்.' முறை, ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் சரிபார்ப்புத் தொகை வைத்து, சிதைந்ததை நற்பிரதி கொண்டு திருத்தியது.

இன்று இல்லங்களிலேயே பல தட்டுக்களை இணைத்து வைத்திருப்போர் உளர். அவர்கள் தரவு முழுவதையும் காலந்தோறும் படித்துச் சரிபார்த்தலும், பிழை தோன்றிய தட்டை விரைந்து மாற்றுதலும் வேண்டும். எச்சரிக்கையின்றி மடியும் தட்டுக்களும் உளவாதலின், வேறோரிடத்தில் மற்றொரு பிரதி வைத்தல் இன்றியமையாதது.