எருமை மீது ஏற்றப்பட்டவர்



கோலசிலாங்கூரிலும், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையிலும், சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் வாழும் கிறிஸ்தவக் குடும்பங்களின் வீட்டுச் சுவர்களில் புனிதர் படங்களைக் கண்டிருப்பீர்கள். செபஸ்தியாரின் உடலில் அம்புகள் தைத்திருக்கும். உடல் பட்ட வேதனையை விசுவாசத்தின் அடையாளமாகக் கொள்வது அச்சமயத்தின் பழைய மரபு. அம்மரபில் நம் தமிழ் மண்ணிலும் ஒருவர் உண்டு. அவர்தான் தேவசகாயம்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டு பிறந்தவர் நீலகண்டன். அப்பகுதி அன்று திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில் அவர் அரசுப் பணி பார்த்தார். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு நண்பரானார். குடும்பத்தில் அடுத்தடுத்து நட்டம் வந்து நீலகண்டன் மனம் உடைந்திருந்தபோது, எல்லாவற்றையும் இழந்தும் இறைவனை மறுக்காத யோபுவின் கதையை டிலனாய் சொன்னார். 1745-இல் வடக்கன்குளத்தில் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

1749-இல் அவர் கைது செய்யப்பட்டார். அரசு இரகசியங்களை வெளியிட்டார் என்பது குற்றச்சாட்டு. மதம் மாறியதற்காகவே தண்டிக்கப்பட்டாரா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவர் சாதி வேற்றுமை பாராது எல்லாரோடும் பழகியதும் பகையை வளர்த்தது என்பர்.

எருமை மீது பின்புறம் நோக்கி அமர்த்தி, எருக்கம்பூ மாலையிட்டு, அவரை ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். பிரம்பால் அடித்துக் காயங்களில் மிளகுப் பொடி தடவினர் என்று கிறிஸ்தவ மரபு கூறுகிறது. இவற்றின் நோக்கம் வலி மட்டுமன்று, அவமானமும்தான். "இவன் இனி நம்மவன் அல்லன்" என்று ஊருக்குக் காட்டவே அந்த ஊர்வலம். ஆனால் பார்த்த மக்களில் பலர் அதே காயங்களை வேறு விதமாகப் படித்தார்கள். "இவர் நம்மவர்" என்று அவரைத் தேடி வந்தார்கள். 1752 சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

நேயர்களே, நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. பத்துமலையில் காவடி எடுப்பவர் தாமே நேர்ந்துகொண்டு அலகு குத்திக் கொள்கிறார். தேவசகாயம் வலியைத் தேடிப் போகவில்லை. மதத்தை விட்டால் விடுதலை என்றபோது மறுத்தார். அதனால் வலி வந்தது. ஆகவே அவருடைய அடையாளம் காயம் அன்று, அந்த மறுப்பே.

இந்த வேறுபாடு தோட்ட மக்களாகிய நமக்கு மிக முக்கியம். 1943-இல் முடிந்த சயாம் மரண ரயில் பாதைக்கு ஜப்பானியர் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைக் கொண்டு சென்றார்கள். அவர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. அத்துன்பத்தை இறைவன் தந்த சிலுவை என்று சொன்னால், தந்த மனிதர்கள் தப்பிவிடுவார்கள். அதுபோலவே, முதுகு வலிக்கச் செம்பனைக் குலை சுமப்பவரிடம் "பொறுத்துக்கொள், புண்ணியம்" என்பது சமயம் ஆகாது. அவருக்கு வேண்டியது மருந்தும் ஓய்வும் நியாயமான கூலியும்.

இன்னொரு செய்தி. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்து ஆலயத்தினுள் சாதிகளைப் பிரிக்கச் சுவர் நின்றது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. 2022 மே 15-இல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அவர் பெயரோடு வழங்கிவந்த 'பிள்ளை' என்ற சாதிப் பட்டம் சேர்க்கப்படவில்லை. அவர் உயிரோடிருந்தபோதே விட்டதை விடுவதற்கு மற்றவர்களுக்கு 270 ஆண்டுகள் ஆயின.

காயத்தை வணங்குவது எளிது. காயம் எதற்காக வந்ததோ அதன்படி நடப்பதுதான் கடினம். பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லும்போது எருமையை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அவர் யாரோடு பழகினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.