தோட்டப் பணி நிறுவனங்களும் நவீன அடிமைத்தனத் தடுப்பும் (பிரிட்டன்)

பிரிட்டனில் வீட்டுத் தோட்டம் அமைத்துத் தரும் சிறு நிறுவனங்கள் வாங்கும் கல், கையுறை, தென்னைநார்த் தூள், நாற்று போன்றவற்றின் பின்னால் கட்டாய உழைப்போ கொத்தடிமை முறையோ இல்லாதபடி பார்த்துக்கொள்ளும் நடைமுறைகளை இத்தலைப்பு குறிக்கும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் சிக்கியிருந்தனர்.

சட்டம்

2015ஆம் ஆண்டின் நவீன அடிமைத்தனச் சட்டம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒருவரை அடிமையாக வைத்திருப்பதையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்குவதையும் ஆயுள் சிறைவரை தண்டிக்கத்தக்க குற்றமாக்குகிறது. இதில் நிறுவனத்தின் அளவு ஒரு பொருட்டே அல்ல. அடுத்து, ஆண்டு விற்றுமுதல் 3 கோடியே 60 லட்சம் பவுண்டு அல்லது அதற்கு மேலுள்ள நிறுவனங்கள், தம் விநியோகச் சங்கிலியில் அடிமைத்தனத்தைத் தடுக்க என்ன செய்தன என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும் என்கிறது 54ஆம் பிரிவு. ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் தோட்ட நிறுவனம் அந்த வரம்பின் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் நகராட்சியிடமோ பெரிய கட்டுமான நிறுவனத்திடமோ ஒப்பந்தம் கேட்டுப் போனால், அத்தகைய அறிக்கை உண்டா என்ற கேள்வி வரலாம். யாரோ எழுதிய மாதிரியில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட முடியும். அந்தத் தாளால் ஒரு தொழிலாளிக்கும் பயனில்லை. வாங்கும் பொருள்களில் ஆபத்து மிகுந்த இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டு அவை வந்த வழியைத் தேடிப் பார்ப்பதே உருப்படியான வேலை.

மணற்கல்: முதலில் பார்க்க வேண்டியது

பிரிட்டனின் வீட்டு முற்றங்களில் பாவப்படும் மணற்கல்லில் பெரும்பங்கு ராஜஸ்தானிலிருந்து, குறிப்பாகக் கோட்டா, பூந்தி, பில்வாரா மாவட்டங்களிலிருந்து போகிறது. பூந்தி மாவட்டத்தின் புத்புராவில் குவாரிக் கழிவுக் கல்லை உளியும் சுத்தியலும் கொண்டு கையால் கொத்திச் சதுரக்கல் ஆக்குகிறார்கள். வீட்டு வாசலிலும் சாலையோரத்திலும் உட்கார்ந்து செய்யும் வேலை. கூலி எண்ணிக்கைக் கணக்கில். எவ்வளவு கல்லோ அவ்வளவு காசு என்பதால் பெண்களோடு பிள்ளைகளும் சுத்தியலைப் பிடிக்க நேர்கிறது. கல் தூசு நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயைத் தருகிறது. அந்நோய்க்காகவே ராஜஸ்தான் அரசு 2019இல் தனிக் கொள்கை வகுத்தது. அதே கல்லை பிரிட்டனில் அறுப்பவருக்கு முகக்கவசமும் தூசை அடக்கத் தண்ணீரும் தர வேண்டும் என்பது விதி; வாசலில் கொத்துபவருக்குப் பெரும்பாலும் இரண்டும் இல்லை.

அடிமைத்தனம் நுழையும் வழி கடன். ‘பேஷ்கி’ எனப்படும் முன்பணத்தை வாங்கிய குடும்பம், அது தீரும்வரை வேறு குவாரிக்குப் போக முடியாது. உழைத்தவர் நோயில் படுத்துவிட்டால் கடன் மனைவி மேலோ மகன் மேலோ விழும். தமிழ்நாட்டின் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமை மீட்புப் பணியில் ஈடுபட்டவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். இந்தியாவின் 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இத்தகைய கடனையே செல்லாததாக்கியது. பரிதாபாத் கல்குவாரித் தொழிலாளர் வழக்கில் 1983 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கட்டாய உழைப்பு நடப்பது தெரிந்தாலே அதன் பின்னால் முன்பணம் உண்டு என்று கருதிக்கொள்ளலாம் என்றது. கடன் சீட்டைக் காட்டச் சொல்லி ஏழையை அலைக்கழிக்கும் வழக்கத்துக்கு அது தக்க பதில்.

தோட்டக்காரருக்கும் புத்புரா வாசலுக்கும் நடுவே கட்டுமானப் பொருள் கடை, இறக்குமதியாளர், கோட்டா ஏற்றுமதியாளர், கல் கிடங்கு, ஒப்பந்தக்காரர் என்று பலர் நிற்கிறார்கள். தணிக்கைக்கு வருபவர் பெரும்பாலும் இயந்திரம் ஓடும் தொழிற்கூடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். வாசலில் கொத்தப்படும் கல் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. ஆகவே ‘சான்றிதழ் உண்டா?’ என்று கேட்டு நிறுத்திக்கொள்வது போதாது. எந்தக் குவாரி, கல்லைக் கொத்துவது யார், எங்கே உட்கார்ந்து கொத்துகிறார்கள், முன்பணம் கொடுக்கப்படுகிறதா, கூலி யார் கையில் போய்ச் சேர்கிறது என்று இறக்குமதியாளரிடம் கேட்க வேண்டும். பதில் சொல்ல முடியாதவரிடம் வாங்காமல் இருப்பதோ, பயன்படுத்திய பழைய கல்லைத் தேடுவதோ சிறு நிறுவனத்தால் செய்யக் கூடியதே.

விலையும் இதில் சேர்த்தி. மற்றவரைவிடப் பாதி விலைக்குக் கல் தருகிறேன் என்பவரின் லாபம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டும். அதே சமயம், குழந்தை உழைப்பு தெரியவந்ததும் சரக்கை நிறுத்திவிட்டு வேறு ஆளைப் பார்ப்பது அந்தக் குடும்பத்தின் வருமானத்தை அறுக்கும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாது. திருத்தக் காலம் கொடுத்து, கூலியை உயர்த்தச் சொல்லி, தொடர்ந்து வாங்குவதே பயன் தரும். 1998இல் தொடங்கிய அறநெறி வணிக முன்முயற்சி அமைப்பு ராஜஸ்தான் மணற்கல் தொடர்பாக இறக்குமதியாளர்களோடு சேர்ந்து வேலை செய்துள்ளது. தனியாகக் கேட்டால் எடுபடாத சிறு நிறுவனம், அத்தகைய கூட்டு முயற்சியில் உள்ள இறக்குமதியாளரைத் தேர்ந்தெடுக்கலாம்.

பிற பொருள்கள்

கையுறை விஷயத்தில் கேட்க வேண்டியது ஆட்சேர்ப்புக் கட்டணம். மலேசியாவின் பெரிய கையுறை நிறுவனம் ஒன்றின் சரக்கைக் கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் 2020இல் அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தரகருக்குக் கட்டிய பணத்தை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. 2021இல் தடை நீங்கியது. சதுப்புநிலக் கரிக்கு மாற்றாகப் பயன்படும் தென்னைநார்த் தூள் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிறது. பொள்ளாச்சிப் பக்கத்து நார் ஆலைகளில் வடமாநிலத் தொழிலாளர்களும் வேலை செய்வதால் அங்கும் முன்பணம், தங்குமிடம், தரகர் பற்றி விசாரிப்பது முறை.

உள்ளூர் ஆள்கள்

ஆபத்து கடல் கடந்து மட்டும் இல்லை. 2004 பிப்ரவரியில் பிரிட்டனின் மோர்கம் விரிகுடாவில் சிப்பி பொறுக்கச் சென்ற சீனத் தொழிலாளர்கள் குறைந்தது 21 பேர் கடல் ஏற்றத்தில் மூழ்கி இறந்தனர். அவ்வாண்டே வந்த சட்டம், விவசாயம், தோட்டக்கலை, சிப்பி எடுத்தல், உணவுப் பதப்படுத்தல் ஆகியவற்றுக்கு ஆள் அனுப்புவோர் உரிமம் பெற வேண்டும் என்றது. உரிமமில்லாதவரிடம் ஆள் எடுப்பதும் குற்றம். நாற்றங்கால் வைத்திருப்பவர் பொதுப் பதிவேட்டில் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளலாம். பல தொழிலாளிகளின் சம்பளம் ஒரே வங்கிக் கணக்குக்குப் போவது, பாஸ்போர்ட் வேறொருவர் கையில் இருப்பது, எல்லோர் சார்பிலும் ஒரே ஆள் பேசுவது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

சந்தேகம் எழுந்தால் ஆள் அனுப்பியவரிடம் நேரில் கேட்கக் கூடாது; தொழிலாளிகளை அவர் இரவோடிரவாக வேறிடத்துக்குக் கொண்டுபோய்விடக்கூடும். காவல்துறையிடமோ நவீன அடிமைத்தன உதவி எண்ணிலோ சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர்களை அடையாளம் காண 2009 முதல் நடைமுறையில் உள்ள தேசியப் பரிந்துரை முறைக்கு ஒருவரை நிறுவனம் நேரடியாக அனுப்ப முடியாது. காவல்துறை, உள்ளாட்சி மன்றம், குறிப்பிட்ட சில தொண்டு அமைப்புகள் போன்ற அதற்கென அதிகாரம் பெற்ற அமைப்புகளே அனுப்பலாம். வயது வந்தவராயின் அவருடைய சம்மதமும் வேண்டும்.