புகைவீட்டில் நான்கு நாள்

ரப்பர் ஷீட்டுக்கு விலை சொல்ல வருகிறவர் தராசை அப்புறம்தான் தேடுவார். முதலில் ஷீட்டை இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். பொன்பழுப்பாக ஒளி ஊடுருவி வந்து, கொப்புளமோ பூசணமோ கறையோ கண்ணில் படாவிட்டால் அது மேல் தரம். நடுவில் வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள், விலை இறங்கிவிடும். மரம் நல்ல பாலைக் கொடுத்திருக்கலாம், வெட்டியவர் கை தேர்ந்த கையாக இருக்கலாம். உலர்த்துவதில் கோட்டை விட்டால் அத்தனையும் வீண்.

மலேசியாவின் பேராக் ரப்பர் தோட்டங்களைப் பற்றி நம்மவர்கள் எழுதியதில் பெரும்பகுதி, மரம் வெட்டிப் பால் எடுக்கும் பால்காட்டைப் பற்றியது. விடிகாலைக் குளிர், கொசு, அட்டை, தலையில் கட்டிய விளக்கு எல்லாம் பதிவாகியிருக்கின்றன. பதிவாக வேண்டியவைதான். ஆனால் அந்தப் பாலை உலகச் சந்தையில் செல்லுபடியாகும் சரக்காக மாற்றிய இடம் தோட்டத்துப் புகைவீடு. அங்கே நெருப்பைக் காத்தவரின் அறிவுக்கு நம் எழுத்தில் அரைப்பக்கம்கூடக் கிடைக்கவில்லை. ஒரு ஷீட் பிறந்து வளர்ந்து ஊர் விட்டுப் போன கதையைச் சொல்வதே அந்தக் குறையை ஓரளவு தீர்க்கும் வழி என்று நினைக்கிறேன்.

கதை பிரேசிலில் தொடங்குகிறது. 1876இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் அமேசான் கரையிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மிகச் சில. அவற்றில் பெரும்பாலானவை இலங்கைக்குப் போயின. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9 பேராக்கின் கோலகங்சாருக்கு வந்து, பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோவின் இல்லத் தோட்டத்தில் நடப்பட்டன. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒரு மரம் இன்றும் கோலகங்சாரில் வேலி போட்டுக் காக்கப்படுகிறது.

இருபது ஆண்டுகள் ரப்பர் மரத்தை யாரும் பெரிதாக மதிக்கவில்லை, தோட்டக்காரர்களுக்குக் காப்பியின் மேல்தான் கண். 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு இயக்குநராக வந்த ரிட்லி, மரத்தின் உயிர்ப்படலத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். காப்பி விலை சரிந்தது, மோட்டார் வண்டி வந்தது. அதற்குப் பிறகு காடுகள் விழுந்தன, கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு ஆள் பிடிக்கப் போனார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கி, சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, பீடோர், தெலுக் ஆன்சன் என்று பேராக் முழுக்கப் பரவினார்கள்.

பால் வெட்டு விடியுமுன் தொடங்குவதற்குக் காரணம் துரையின் அதிகாரம் மட்டுமல்ல. இரவின் குளிர்ச்சியில் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் நிறைந்து விம்மி நிற்கும். வெயில் ஏறினால் மரம் இலைவழியே நீரை இழக்கும், குழாயின் அழுத்தம் குறையும், பால் சீக்கிரம் நின்றுவிடும். மரத்தைப் பாதி சுற்றிச் சரிவாக இறங்கும் கோட்டில் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தால் பால் கோடு வழியே வழிந்து, மங்கு என்ற கோப்பையில் சொட்டும். வெட்டி முடித்த நிரையில் மீண்டும் நடந்து, மங்கிலிருந்து வாளிக்குப் பாலை வழித்து, காண்டா என்ற காவடித்தடியில் கட்டித் தோளில் சுமந்து தோட்டத்து ஸ்டோருக்குக் கொண்டுவந்தால் காட்டு வேலை முடியும்.

ஸ்டோரில் பாலைச் சும்மா அளந்து வாங்கமாட்டார்கள். மரத்துப்பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். அந்தப் பங்கு மரத்துக்கு மரம், மழைக்கு மழை மாறும். அதனால் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டு, அது எவ்வளவு அமிழ்கிறது என்று பார்த்துக் கிராணி கணக்கெழுதுவார். பிறகு பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து 15 சதவீத அளவுக்கு இளக்கி, ஃபார்மிக் ஆசிட்டைச் சிறிது சேர்த்துத் தொட்டியில் ஊற்றி அலுமினியத் தடுப்புகளைச் செருகுவார்கள். மறுநாள் காலையில் தடுப்புகளை உருவினால் வெள்ளை வெளேரென்று உறைந்த பலகைகள் நிற்கும். ஆசிட் கூடினால் உறைவு விறைத்துப்போய் உலர நாளாகும். குறைந்தால் நொளநொளத்து ரோலரில் சிக்கும்.

வழவழப்பான ரோலர்களில் பலமுறை போய், கடைசியில் வரிவரியாகப் பள்ளம் வெட்டிய ரோலரில் புகுந்து வரும்போது ஷீட் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு வந்திருக்கும். ஷீட்டில் தெரியும் அந்த வரிகள் அலங்காரத்துக்கு அல்ல. மேற்பரப்பு கூடும், ஈரம் வேகமாக வெளியேறும், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாலும் ஒட்டிக்கொள்ளாது. ரோலரிலிருந்து வந்த ஷீட்டை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிட்டு நீர் வடிய விடவேண்டும். அலசாமல் விட்டால் பாலின் நீர்ப்பகுதி மேலே படிந்து கிருமிகளுக்குத் தீனியாகிவிடும். அப்படிப்பட்ட ஷீட் உலர்ந்தபின் இழுத்துப் பார்த்தால் மேலே துருப்போலப் பழுப்புத் தூள் தெரியும். தொழிலில் அதற்குத் துரு என்றே பெயர். இரும்பே இல்லாத பொருளில் துரு பிடித்ததென்றால் அலசுவதில் யாரோ சோம்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இனிப் புகைவீடு. உயரமான கட்டடம், கீழே அல்லது பக்கவாட்டில் அடுப்பு, மேலே அடுக்கடுக்காக மூங்கில் கழிகள், கூரையில் திறந்து மூடும் புகைப்போக்கி. பால் வற்றிப்போன கிழட்டு ரப்பர் மரங்களே விறகு. தன் பாலைத் தந்து முடித்த மரம் அடுத்த தலைமுறையின் பாலை உலர்த்த எரியும். விறகு காய்ந்து சுள்ளென்று எரிந்தால் சூடு மிஞ்சும், புகை வராது. ரொம்பப் பச்சையாக இருந்தால் புகையோடு கரியும் தாரும் படியும். இரண்டுக்கும் நடுவில் பதம் பார்த்து விறகு தள்ளவேண்டும்.

முதல் நாள்தான் கண்டம். அன்றைக்கு ஷீட்டில் ஈரம் மிகுதி. அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் மேல்தோல் முதலில் காய்ந்து இறுகிவிடும், உள்ளே மாட்டிய நீர் ஆவியாகிக் கொப்புளமாகக் கிளம்பும். வடகத்தை முதல் நாளே அடுப்பில் காட்டினால் என்ன ஆகுமோ அதுதான். அதனால் முதல் நாள் 40, 45 டிகிரி செல்சியஸ் சூடு போதும். புகைப்போக்கியை நன்றாகத் திறந்துவிட்டு ஈரக் காற்றை வெளியேற்றவேண்டும். அடுத்த நாள்களில் போக்கியைச் சிறிது சிறிதாக மூடி, சூட்டைப் படிப்படியாக ஏற்றிக் கடைசியில் 60க்கு அருகே கொண்டுபோகவேண்டும். அதற்கும் மேலே போனால் ஷீட் இளகித் தன் கனத்திலேயே நீண்டு கழியிலிருந்து நழுவிவிடும். கீழே அடுப்பில் விழுந்தால் கட்டடமே எரிந்துபோகும் ஆபத்து உண்டு. கழி பட்ட இடம் காயாமல் கோடு விழும் என்பதால் இடையிடையே ஏறி ஷீட்டை நகர்த்தியும் திருப்பியும் போடவேண்டும். புகையில் கண் எரியும், மூச்சு முட்டும். இப்படி நான்கு நாள், மழைக்காலத்தில் இன்னும் கூட ஆகும்.

வெயிலிலேயே காயவைத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். நேர் வெயில் ரப்பருக்கு ஆகாது, பிசுபிசுத்துப் போகும். வெறும் நிழலில் காயவிட்டாலோ பேராக்கின் ஈரக்காற்றில் ஷீட் காய்வதற்குள் பூசணம் முந்திக்கொள்ளும். புகையில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருள்கள் பூசணத்தைத் தடுக்கின்றன. சூடு ஈரத்தை எடுக்கிறது, புகை ஷீட்டைக் கெடாமல் காக்கிறது, இரண்டும் ஒரே அடுப்பிலிருந்து வருகின்றன. கப்பலில் வாரக்கணக்காகக் கிடந்தும் ஷீட் கெடாமல் லண்டன் போய்ச் சேர்ந்தது இதனால்தான். அதன் உடம்பில் ஏறிய கரிப்புகை வாசனை பயணம் முழுக்கக் கூடவே இருந்தது. அமேசான் காட்டில் ரப்பர் எடுத்தவர்களும் பனைக்கொட்டைகளை எரித்து, அந்தப் புகையில் பிடித்த கட்டையின்மேல் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றித்தான் ரப்பர் உருண்டை செய்தார்கள். விதை கடல் தாண்டியதுபோல இந்த அறிவும் தாண்டி வந்தது. பேராக் புகைவீட்டில் அதை அன்றாடம் கைக்கொண்டவர்கள் நம் மக்கள்.

உலர்ந்த ஷீட்டுகளைப் பெண்கள் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, அழுக்கும் குமிழும் உள்ள துண்டுகளைக் கத்தரியால் வெட்டி நீக்கித் தரம் பிரித்தார்கள். ஆர்.எஸ்.எஸ். என்ற வரிபோட்ட புகை ஷீட் தரங்களில் 1 எக்ஸ் உச்சம், பிறகு 1 முதல் 5 வரை. வணிகர்கள் பச்சைப் புத்தகம் என்று அழைக்கும் சர்வதேச விதிநூலில் இந்தத் தரங்களுக்கான வரையறை உண்டு. இன்றுவரை இதைக் கண்தான் தீர்மானிக்கிறது. பிரித்தவற்றை அடுக்கி, அழுத்தி, 250 பவுண்டு பொதிகளாகக் கட்டி ரயிலேற்றினார்கள். பினாங்கிலும் தெலுக் ஆன்சனிலும் கப்பல் காத்திருந்தது.

விலையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1910இல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. 1932இல் ஒரு கட்டத்தில் இரண்டு பென்ஸுக்கும் கீழே போனது. விலை ஏறியபோது கப்பலில் ஏற்றிவரப்பட்டவர்கள், விழுந்தபோது கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஜப்பானியர் ஆட்சியில் கப்பல் இல்லை, சந்தை இல்லை, பல புகைவீடுகளில் அடுப்பு அணைந்தது. தோட்டத்து ஆண்கள் சயாம் ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் பிறந்தது. அந்த ஆண்டுகளில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் தீ வைத்தவற்றில் புகைவீடுகளும் இருந்தன. எதைக் கொளுத்தினால் தோட்டத்துக்கு வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுபோட்டார்கள். நிலத்தைத் துண்டுபோடலாம், புகைவீட்டைத் துண்டுபோட முடியாது. அந்தச் சமயத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு தொகைகளைச் சேர்த்தே தோட்டங்களை வாங்கினார். நம் வரலாற்றில் இதைவிடப் பெரிய காரியங்கள் மிகச் சில.

புகைவீட்டை முடித்துவைத்தது வேறொன்று. 1965இல் மலேசியத் தர ரப்பர் என்ற எஸ்.எம்.ஆர். முறை வந்தது. ரப்பரைத் துகளாக்கி, 100 டிகிரிக்கு மேற்பட்ட சூடான காற்றில் சில மணி நேரத்தில் உலர்த்தி, ஆய்வுக்கூடத்தில் சோதித்துக் கட்டியாக விற்கும் முறை. நான்கு நாள் வேலை அரைநாளில் முடிந்தது. பிறகு செம்பனை வந்து ரப்பர் காட்டையே விழுங்கியது. இன்று மலேசியாவில் மரம் வெட்டுகிற சிறுதோட்டக்காரர்கள் பெரும்பாலும் மங்கிலேயே உறைந்த கட்டிப்பாலை நாற்றத்தோடு ஆலைக்கு விற்கிறார்கள். புகையூட்டிய ஷீட் சாகவில்லை. தாய்லாந்திலும் கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் இன்றும் உருவாகிறது. கனரக டயர்களுக்கு அதன் உறுதி வேண்டும் என்று தேடி வாங்குகிறவர்கள் உண்டு.

பத்து காஜாவில் ரப்பர் முதலாளி கெல்லி ஸ்மித் கட்டி முடிக்காமல் போன மாளிகையைப் பார்க்க நுழைவுச்சீட்டு வாங்கிக் கூட்டம் போகிறது. போகட்டும். ஆனால் அந்தச் செல்வம் எந்த அடுப்பில் உலர்ந்ததோ அந்த அடுப்பையும் பிள்ளைகள் பார்க்கவேண்டும். ஈப்போவிலும் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் புகைவீட்டில் விறகு தள்ளியவர்களும் ஷீட் பிரித்த அம்மாக்களும் இன்னும் இருக்கிறார்கள். வயது எண்பதை நெருங்குகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள்: முதல் நாள் சூடு சரியாக இருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள், புகைப்போக்கியை எப்போது மூடினீர்கள், எந்த வாசனை வந்தால் ஷீட் பதமாகிவிட்டது என்று முடிவு செய்தீர்கள்? சொல்வதை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து வையுங்கள். செம்பனைக்கு நடுவே எங்காவது ஒரு பழைய புகைவீடு இடியாமல் நின்றால், இடிக்கும் முன் அதைக் காக்கச் சொல்லி உங்கள் ஊர்ச் சங்கமும் பள்ளியும் எழுதிக் கேட்கட்டும்.